வில் அம்பு வேட்டைக்குத் தடையில்லையா? அந்தச் செய்தி தவறு

பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சட்டம் தடுப்பது துப்பாக்கியை மட்டுமே. வில் அம்புக்குத் தடையில்லை. மானின் நெற்றியில் எய்தால் வலியில்லாமல் அங்கேயே விழும்." இரண்டுமே தவறு.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள்ளேயே வில்லையும் அம்பையும் சேர்த்திருக்கிறது. 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. கொல்ல முயன்றாலே அதுவும் வேட்டைதான். மத்திய அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் இணையதளத்தில் யாரும் படித்துப் பார்க்கலாம். மல்லேஸ்வரத்தில் உள்ள வனத்துறைத் தலைமையகமான அரண்ய பவனில் போய்க் கேட்டாலும் சரி.

அடுத்து நெற்றிக் கதை. அம்பு கொல்வது ரத்தப்போக்கால். மூளை சிறியது, மண்டையோடு சரிவானது. அம்பு வழுக்கித் தாடையைப் பெயர்த்துவிட்டால் அந்த மான் பல நாள் பட்டினி கிடந்து சாகும். வில் வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்க மாநிலங்களில், விலங்கு பக்கவாட்டிலோ சற்று அப்பால் திரும்பியோ அமைதியாக நிற்கும்போது மட்டும், இதயமும் நுரையீரலும் உள்ள நெஞ்சுப் பகுதியில் எய்யச் சொல்லித் தருகிறார்கள். நேரே பார்த்து நின்றால், ஓடினால், கிளை மறைத்தால், பழகிய தூரத்தைத் தாண்டினால் வில்லைத் தாழ்த்திவிட வேண்டும். நாண் ஒலி கேட்டு மிரளும் மான், அம்பு சேருமுன்பே உடலைத் தாழ்த்திவிடும்! சரியாகப் பட்டாலும் கொஞ்ச தூரம் ஓடித்தான் விழும்.

மைதானத்தில் இலக்குப் பலகையில் எய்து பழகுவது வேறு விஷயம், அதற்குத் தடையில்லை.

எனக்கு இதை அனுப்பியவர் என் சித்தப்பாதான். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் கேட்கிறேன்: தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.