கோணலுக்குக் காரணம் தச்சர்கள் அல்லர்

இங்கிலாந்தின் செஷையரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற பழைய மாளிகை கோணலாக நிற்பதற்கு, டியூடர் அரச வம்சக் காலத் (1485–1603) தச்சர்களின் அறியாமையே காரணம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு, அநியாயமும்கூட. அகழி சூழ்ந்த அந்த ஓக் மரச்சட்ட வீடு 1500களின் தொடக்கத்தில் தொடங்கிப் பகுதி பகுதியாக வளர்ந்தது. 1560களில் எழுந்த தெற்குப் பகுதியின் உச்சியில், முதல் திட்டத்தில் இல்லாத நீண்ட கூடம் ஒன்றை ஏற்றினார்கள். அதன் கூரையோ கனத்த கற்பலகைகள்! அந்தப் பாரம்தான் கீழ்த்தளங்களை வளைத்தது. மரச்சட்டம் நெளிந்ததே தவிர, விழவில்லை. முற்றத்துச் சாளரங்களில் 1559 என்ற ஆண்டோடு தச்சர் ரிச்சர்ட் டேலின் பெயரை இன்றும் படிக்கலாம், உரிமையாளர் வில்லியம் மோர்ட்டனின் பெயரோடு சேர்த்து. அறியாத தச்சருக்கு அந்த மரியாதை கிடைத்திருக்குமா? வீட்டின் கறுப்பு வெள்ளைப் பூச்சும் டியூடர் காலத்தது என்கிறார், தச்சர்களைக் குறை சொன்ன அதே நபர். அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வழக்கம்.