அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் போர்டில் இருப்பதைப் படிக்கத் திணறுவதைப் பள்ளிக்கூடத்திலேயே படம் பிடித்துப் போட்ட அந்த வீடியோவை யாரும் எனக்கு மறுபடி அனுப்ப வேண்டாம். ஊர் குரூப், சொந்தக்காரர் குரூப், கோயில் கமிட்டி குரூப் என்று எல்லாவற்றிலும் வந்துவிட்டது. கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். போட்டவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். பிள்ளை பெற்றவர்கள்.

அவன் அப்படி என்ன படித்துவிட்டான்? போர்டில் 'கொக்கு' என்று இருந்தது. அவன் 'கெ... கா... க்கு' என்றான். நீங்களே 'கொ' எழுதிப் பாருங்கள். முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். கொம்போடு படித்தால் கெ, காலோடு படித்தால் கா. கண்ணில் பட்டதை வரிசையாகச் சொல்லியிருக்கிறான். இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வரவில்லை. ஐந்தாம் வகுப்பிலும் அது வரவில்லை என்றால் ஏன் என்று பார்ப்பது பள்ளிக்கூடத்தின் வேலை. போனை எடுத்துப் படம் பிடிப்பதல்ல.

அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிக்கவும் எழுதவும் திணறவைக்கிற கற்றல் குறைபாடு என்று நான் சொல்லவில்லை. முகநூலில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல நான் யார்? பார்வைக் கோளாறாக இருக்கலாம், காது மந்தமாக இருக்கலாம், எழுத்தே ஒழுங்காகச் சொல்லித்தராமல் மேல் வகுப்புக்குத் தள்ளியிருக்கலாம். சோதிக்காமல் மக்கு என்று முத்திரை குத்தாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கண், காது. அப்புறம் உளவியலாளர் அறிவுத்திறனைப் பார்ப்பார். அதில் குறையில்லை, ஆனால் படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ வயதுக்கு மிகவும் பின்தங்கியிருக்கிறான் என்றால்தான் அடுத்த கட்டமாகக் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதற்கென்றே தயாரித்த சோதனைத் தொகுப்பு இருக்கிறது. எட்டு வயதுக்குமுன் சான்றிதழ் தரமாட்டார்கள். ஐந்தாறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம், யுகேஜி அம்மாக்கள் பதற வேண்டாம்.

"எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று ஒரு மாமா கேட்டிருக்கிறார். இருந்தது மாமா. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதிய பையன். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னாராம். அந்தக் காலத்து வாத்தியாருக்குத் தெரிந்திருக்கிறது! உங்கள் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஐந்தாவதோடு நின்று மாடு மேய்க்கப் போனார்கள். வகுப்பிலேயே இல்லாதவன் உங்கள் கண்ணில் எப்படிப் படுவான்?

என் தம்பியையே சொல்கிறேன். ஒரே பக்கத்தில் 'மன்னார்குடி'யை மூன்று விதமாக எழுதுவான். தப்பினால் நூறு தடவை இம்போசிஷன். முதல் வரியைப் பார்த்து எழுதும்போதே ஒரு எழுத்து விழுந்துவிடும். அப்புறம் அதையே பார்த்து மீதித் தொண்ணூற்றொன்பதையும் தப்பாக எழுதுவான். அதற்கும் அடி. வீட்டுக்கு வந்தால் அப்பா கையில் புளிய விளாறு. ராத்திரி நான் பாடத்தை வாய்விட்டுப் படித்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பான், காலையில் என்னைவிட நன்றாக ஒப்பிப்பான். இதைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "தெரியுது, எழுத மட்டும் வலிக்குது, சோம்பேறி" என்றார்கள். ஒன்பதாவதோடு நின்றான்.

இன்றைக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் இத்தனை சிப்பம், நாற்பது கிலோ வீதம் இத்தனை குவிண்டால் என்று, எதிரில் இருப்பவர் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறான். ரசீதைக் கொடுத்தால் என்னிடம் நீட்டுகிறான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் ராத்திரி மூன்று மணிக்கு மண்வெட்டியோடு மடை திருப்பப் போகிறவன் சோம்பேறியா? சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த நேரத்தில் எழுந்திருப்பீர்கள்?

ஐன்ஸ்டீனுக்கும் இந்தக் குறைபாடு இருந்துச்சாம் என்று ஆறுதல் சொல்ல வராதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரமே கிடையாது. ஐன்ஸ்டீனாக வந்தால்தான் மரியாதையா? பத்தாவது பாஸ் பண்ணினால் போதாதா?

டீச்சர்கள் கோபப்படுவீர்கள். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளி, எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், பயிற்சிக் கூட்டம். நியாயம்தான். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் எத்தனை பள்ளிக்குத்தான் ஓடுவார்? அதைக் கேட்டுப் போராடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் வீடியோ எடுக்க நேரம் இருந்ததே.

"பணக்கார வீட்டு வியாதி" என்று எழுதியவருக்குப் பதில் கிடையாது. சென்னையில் டிஸ்லெக்சியா, திருத்துறைப்பூண்டியில் தத்தி. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, "இப்படிச் சொல்லியே சலுகை வாங்கிடுறாங்க" என்ற அண்ணனுக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. மருத்துவக் குழுவின் சான்றிதழ் இருந்தால் நம் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு, சொல்வதை எழுத ஒரு ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம். விடை அவனுக்குத் தெரிந்திருந்தால்தான் இவ்வளவும் உதவும். தெரியாதவன் அந்த ஒரு மணி நேரமும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதோடு, எங்கள் பக்கம் இதைப் போய்க் கேட்கவே அம்மா அப்பா கூசுகிறார்கள். சான்றிதழ் வாங்கினால் நாளைக்குப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் அண்ணே, உங்கள் பையனின் சீட்டை யாரும் பிடுங்க வரவில்லை.