நன்றாக இருக்கிறான், அதனால்தான் வெளியே

தம்பி: இன்றைக்கும் பையனை வெளியே உட்கார வைத்துவிட்டார் கோச்.

அக்கா: அடப்பாவமே, உடம்புக்கு என்ன?

தம்பி: உடம்புக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறான்.

அக்கா: நன்றாக இருக்கிறவனை எதற்கு வெளியே உட்கார வைக்கணும்?

தம்பி: மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்.

அக்கா: முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு இது தோன்றவில்லையே! எல்லாப் பிள்ளைகளையும் மொட்டை மாடிக்கு அனுப்பியிருப்பேன். சரி, பையன் என்ன தப்புப் பண்ணினான்?

தம்பி: நேற்று ஒரு இடத்தில் கவனம் பிசகிவிட்டது.

அக்கா: மற்றவர்கள் யாரும் தப்பே பண்ணவில்லையா?

தம்பி: ஒருத்தர் மூன்று தப்புப் பண்ணினார். ஆனால் அவருக்கு முப்பத்தைந்து வயது.

அக்கா: முப்பத்தைந்து வயதிலுமா இன்னும் படிக்கிறார்?

தம்பி: அவர் பண்ணினால் அது அனுபவம், அக்கா. பையன் இன்னும் பழுக்கணும்.

அக்கா: உட்கார வைக்காத நாளில் எவ்வளவு நேரம் கொடுக்கிறார்?

தம்பி: அறுபது நிமிஷத்தில் ஒரு ஏழு நிமிஷம்.

அக்கா: அட்டெண்டன்ஸ் எடுத்து முடிக்கவே ஏழு நிமிஷம் ஆகுமேடா!

தம்பி: அதுவும் நாலாவது லைனில்.

அக்கா: கடைசி பெஞ்சா? அங்கே கூட யார்?

தம்பி: இடித்துத் தள்ளுவதற்கென்றே இரண்டு பேர். நல்லவர்கள்தான். அவர்களிடம் எதைக் கொடுத்தாலும் திரும்ப வராது.

அக்கா: பென்சில் கூடவா?

தம்பி: ஆனாலும் பையன் மீதும் குறை இருக்கிறது. பன்னிரண்டு ஆட்டமாக ஒரு கோல் அடிக்கவில்லை.

அக்கா: கோலா? கோச்சிங் சென்டரில் எதற்குடா கோல்?

தம்பி: எந்தக் கோச்சிங் சென்டர்? நான் ஐஸ் ஹாக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்.எச்.எல்., வட அமெரிக்காவின் பெரிய லீக்! பையன் என்றது என் அணியின் இளம் வீரனை. லைன் என்றால் மாறி மாறி இறங்குகிற ஆட்டக்காரர் குழு, நாலாவதுக்குத்தான் நேரம் குறைவு.

அக்கா: அதனால் என்ன, சொல்லிக்கொடுக்கிறவர் சொல்லிக்கொடுக்கிறவர்தானே. மேலே சொல். ஏழு நிமிஷம் கொடுத்துவிட்டு கோல் எங்கே என்று கேட்கிறார். அப்புறம்?

(வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பார்கள். அக்கா நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.)

தம்பி: கோல் விழுகிற நேரம் பவர் பிளே. எதிரணியில் ஒருத்தர் தண்டனையில் வெளியே இருப்பார், இடம் நிறையக் கிடைக்கும். அதில் இவனை இறக்குவதில்லை.

அக்கா: யாரை இறக்குகிறார்?

தம்பி: அனுபவத்தை.

அக்கா: மூன்று தப்புக்காரரையா?

தம்பி: நீ அவசரப்படுகிறாய். டெட்ராய்ட் அணியைப் பார். டிராஃப்ட் என்று வருஷா வருஷம் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும். பாவெல் டாட்ஸ்யூக்கை 1998 டிராஃப்டில் 171-ஆவதாக எடுத்தார்கள், ஹென்ரிக் ஸெட்டர்பெர்கை 1999-இல் 210-ஆவதாக. அவசரமே படவில்லை. டாட்ஸ்யூக் என்.எச்.எல். பனியில் கால் வைக்கும்போது 23 வயது. இரண்டு பேரும் ஜாம்பவான்கள் ஆனார்கள். ஏன்? பழுக்க விட்டார்கள்.

அக்கா: அதுவரைக்கும் இவர்களும் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்களா?

தம்பி: இல்லை, டாட்ஸ்யூக் ரஷ்யாவில் ஆடினார், ஸெட்டர்பெர்க் ஸ்வீடனில் ஆடினார்.

அக்கா: ஏழு நிமிஷமா?

தம்பி: …நிறைய.

அக்கா: அவர்கள் ஆடிக்கொண்டே பழுத்தார்கள். உன் பையன் மட்டும் உட்கார்ந்தே பழுக்கணுமா? அவனையும் கீழே எங்காவது அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே.

தம்பி: அதுதான் சிக்கல். பையனுக்குப் பத்தொன்பது வயது, கனடா ஜூனியர் லீக்கிலிருந்து வந்தவன். திருப்பி அங்கேயே அனுப்பினால் அவனுக்கு ஈடாக ஆடப் பிள்ளைகள் இல்லை. நடுவில் ஏ.எச்.எல். என்று ஒரு லீக் இருக்கிறது, இவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் இருபது வயது ஆகும்வரை அங்கே அனுப்பக் கூடாதென்று ஜூனியர் லீக்குகளோடு ஒப்பந்தம். வருஷக்கணக்காக இப்படித்தான். இப்போதுதான் கொஞ்சம் தளர்த்துகிறார்கள்.

அக்கா: அதாவது எட்டாம் வகுப்பு சுலபம், பத்தாம் வகுப்பு கஷ்டம், ஒன்பதாம் வகுப்பைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டார்கள்.

தம்பி: ரசிகர்களிலும் இதற்கு இரண்டு கட்சி. முதல் லைனில் போடு என்று ஒன்று, திருப்பி அனுப்பு என்று ஒன்று.

அக்கா: நீ எந்தக் கட்சி?

தம்பி: ஜெயித்த நாளிலா, தோற்ற நாளிலா?

அக்கா: அது சரி.

தம்பி: மான்ட்ரியாலில் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை 2022-இல் முதல் ஆளாக எடுத்து, 18 வயதிலேயே என்.எச்.எல்.-இல் வைத்துக்கொண்டார்கள். முதல் சீசனில் 39 ஆட்டம், 4 கோல், அப்புறம் முழங்காலில் அடி. கீழே அனுப்பு, பையனைக் கெடுக்காதே என்று ஒரே கூச்சல். நானும்தான்.

அக்கா: அடுத்த சீசன்?

தம்பி: 82 ஆட்டமும் ஆடி 20 கோல். அது விதிவிலக்கு.

அக்கா: ஆட விட்டால் அடிக்கிறான். இதுவா விதிவிலக்கு?

தம்பி: ஜோ தார்ன்டனைப் பார். 1997-இல் பாஸ்டன் முதல் ஆளாக எடுத்தது. கோச் பாட் பர்ன்ஸ் நாலாவது லைனில் வைத்தார். அந்த சீசன் முழுக்க 55 ஆட்டத்தில் 3 கோல். அப்புறம் பாஸ்டனுக்கே கேப்டன் ஆனார், 2006-இல் லீக்கின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். பழுத்தாரா இல்லையா?

அக்கா: விருது வாங்கினபோதும் பாஸ்டன்தானா?

தம்பி: அந்த சீசன் நடுவில் சான் ஹோசேக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்கா: பேஷ்.

தம்பி: ஒரு கோச்சின் கஷ்டம் உனக்குத் தெரியாது. முக்கியமான ஆட்டத்தில் சின்னப் பையனை நம்ப முடியுமா? 2022-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ், அரையிறுதி மாதிரியான சுற்று, ஆறாவது ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போகணும். 2019 டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த காப்போ காக்கோவை அன்றைக்கு வெளியே உட்கார வைத்தார்கள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

அக்கா: ஜெயித்தார்களா?

தம்பி: 2-1.

அக்கா: யாருக்கு 2?

(தம்பி தொண்டையைச் செருமினான். எதிரணியின் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும்போது எல்லா ரசிகர்களுக்கும் வரும் செருமல் அது.)

அக்கா: உன் பையன் இந்த வருஷத்துக்கு முன்னால் எத்தனை ஆட்டம் ஆடியிருந்தான்?

தம்பி: போன வருஷமா? ஒன்பது. அதோடு ஜூனியருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் பழுக்கணும் என்றார்கள்.

அக்கா: அதென்ன கணக்காக ஒன்பது?

தம்பி: பத்தாவது ஆடினால் அவனுடைய மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் கழிந்துவிடும். ஆடாவிட்டால் ஒப்பந்தம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா: ஓஹோ. பழுக்கிறது ஒப்பந்தமா? நான் இவ்வளவு நேரம் பையன் என்று நினைத்துவிட்டேன்.

தம்பி: அக்கா, கோச்சுக்கு அதில் சம்பந்தமில்லை. அவருக்கு இன்றைக்கு ஜெயிக்கணும், அவ்வளவுதான். பையன் மூன்று வருஷம் கழித்து நன்றாக ஆடினால் பெயர் வாங்கப் போவது அடுத்த கோச். இவர் எதற்கு மெனக்கெடணும்?

அக்கா: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் டெட்ராய்ட் வரைக்கும் போயிருக்க வேண்டாமே. அவருக்கு மேலே தலைமையாசிரியர் மாதிரி யாரும் இல்லையா?

தம்பி: ஜெனரல் மேனேஜர் இருக்கிறார். நேற்றுதான் பேட்டி கொடுத்தார்.

அக்கா: என்ன சொன்னார்?

தம்பி: கோச் மீது முழு நம்பிக்கை இருக்கிறதாம்.

அக்கா: முழு நம்பிக்கை என்றே சொன்னாரா?

தம்பி: ஆமாம், இரண்டு தடவை.

அக்கா: எங்கள் கணக்கு வாத்தியாரைப் பற்றி நிர்வாகத்தில் ஒரே தடவைதான் சொன்னார்கள். திங்கள்கிழமை அவர் மேஜையைக் காலி பண்ணினார். புதுக் கோச் வந்ததும் சொல்லு, அவரும் எத்தனை நிமிஷம் கொடுக்கிறார் என்று பார்ப்போம்.