கண்ணுக்குத் தெரியாத அறுபது மீட்டர்

ஷார்ட் கோர்ஸ், அதாவது 25 மீட்டர் குளத்து நீச்சல் என்றாலே பலருக்கும் ஓர் இளப்பம். "பாதிக் குளம். சுவரை உதைச்சு உதைச்சுப் போறதெல்லாம் நீச்சலா?" என்று நன்றாக நீச்சல் தெரிந்த நண்பரே கேட்டார். ஒலிம்பிக்கில் 25 மீட்டர் குளம் கிடையாது, அதனால் அங்கே படைக்கும் உலக சாதனைக்கு அரை மதிப்புதான் என்பது அவர் கட்சி. நான் எதிர்க்கட்சி. அதுவும் மல்லாந்து நீந்தும் பெண்கள் பேக்ஸ்ட்ரோக்கைப் பார்த்துவிட்டு இப்படிப் பேசினால், தண்ணீரின் மேல்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

விதி இதுதான். ஸ்டார்ட்டுக்குப் பிறகும், சுவரில் திரும்பும் ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கு அடியிலேயே போகலாம். அதற்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் பந்தயம் என்றால் ஒரே டர்ன், ஆக அடியில் அதிகபட்சம் 30 மீட்டர். 25 மீட்டர் குளத்தில் மூன்று டர்ன். 60 மீட்டர்! பாதிப் பந்தயத்துக்கு மேல் கை சுற்றாமலே போய்விடலாம். இரண்டு கைகளையும் தலைக்கு அப்பால் நீட்டி ஒட்டிக்கொண்டு, மல்லாந்தபடியே உடம்பை அலையாக்கி உதைக்கும் டால்பின் கிக் மட்டும்தான்.

இதனால் எவ்வளவு வித்தியாசம் வருகிறது? 2024 ஜூனில் இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் ரீகன் ஸ்மித் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 57.13 நொடியில் நீந்தினார். உலக சாதனை. அதே ஆண்டு டிசம்பரில் புடாபெஸ்ட் ஷார்ட் கோர்ஸ் உலகப் போட்டியில் அதே ஸ்மித், அதே 100 மீட்டர், 54.02. அதுவும் உலக சாதனை. மூன்று நொடிக்கு மேல் குறைந்திருக்கிறது. நண்பர் இதைத்தான் சுவர் கொடுத்த இனாம் என்கிறார்.

இனாமா? பேக்ஸ்ட்ரோக்கில் முகம் வெளியே இருப்பதால் மூச்சுக்குப் பஞ்சமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பெரிய குளத்தில் ஓரளவு உண்மை. சின்னக் குளத்தில் நுரையீரல் கெஞ்சத் தொடங்கும் நேரத்தில்தான் அடுத்த சுவர் வந்து நிற்கும். உருண்டு, உதைத்து, மறுபடியும் உள்ளே. மல்லாந்து கிடக்கும்போது மூக்கின் துவாரம் மேலே பார்த்திருக்கும், தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். அதைத் தடுக்க மூக்கு வழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அந்தக் காற்றும் கையிருப்பில்தான் கழியும். சிலர் மேலுதட்டைச் சுருட்டி மூக்கையே அடைத்துக்கொள்வார்கள். நான் ஒரு முறை ஐந்தாறு உதை முயன்று பார்த்தேன். மண்டைக்குள் தண்ணீர் ஏறி, கண் எரிந்து, அன்று முழுக்கத் தும்மல். அதன் பிறகு இனாம் என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வருகிறது.

இன்னொன்று, 15 மீட்டர் என்பது உச்ச வரம்புதான். கட்டாயம் இல்லை. சுவரை உதைத்த கணத்தில் இருக்கும் வேகம் எந்த ஸ்ட்ரோக்கிலும் வராது. மேற்பரப்பில் உடம்பு அலையைக் கிளப்பி, அந்த அலையிலேயே சக்தியை இழக்கிறது. ஆழத்தில் அந்த இழப்பு குறைவு. ஆனால் உதை பலவீனமாக இருந்தால் ஏழெட்டு மீட்டரிலேயே வேகம் செத்துவிடும், அதற்குப் பிறகு உள்ளே இருப்பது நஷ்டம். எப்போது மேலே வருவது என்பதை ஒவ்வொரு சுவரிலும், பின்னால் திரும்பிப் பார்க்க வழியில்லாமல், மூச்சுமுட்டலோடு முடிவு செய்ய வேண்டும்.

நான் முன்வைக்கும் சாட்சி மேகி மக்நீல். கனடாக்காரர், டோக்கியோ ஒலிம்பிக்கில், குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் தங்கம் வென்றவர். அவரை யாரும் பேக்ஸ்ட்ரோக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். 2021 அபுதாபி ஷார்ட் கோர்ஸ் உலகப் போட்டியில் 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 25.27 நொடியில் உலக சாதனையோடு தங்கம். அடுத்த ஆண்டு மெல்போர்னில் அதையும் உடைத்து 25.25. அபுதாபியில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் தங்கமும் பட்டர்ஃப்ளையில் பெயரெடுத்த ஒருவருக்கே போனது, ஸ்வீடனின் லூயிஸ் ஹான்சனுக்கு. தண்ணீருக்கு அடியில் பட்டர்ஃப்ளையும் பேக்ஸ்ட்ரோக்கும் ஒரே உதைதான், ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. "அப்போ அதை பேக்ஸ்ட்ரோக்னு ஏன் சொல்றாங்க?" என்று நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். மல்லாந்து போகிறார்கள், அவ்வளவு போதும் எனக்கு.

இந்த 15 மீட்டர் வந்த கதையும் சுவையானது. 1988 சோல் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் முப்பது மீட்டருக்கு மேல் அடியிலேயே போய் உலகத்தை மிரட்டினார். இறுதிப் போட்டியில் ஜப்பானின் டைச்சி சுசுகி அதே வித்தையைக் கையாண்டு அவரையே முந்தித் தங்கம் வென்றது வேறு கதை. உடனே சர்வதேச நீச்சல் சம்மேளனம் 10 மீட்டர் என்று கடிவாளம் போட்டு, பிறகு அதை 15 ஆக்கியது. அந்தப் பெர்காஃபின் மகள் கேத்தரின்தான் புடாபெஸ்டில் 100 மீட்டரில் ஸ்மித்துக்கு அடுத்து வந்தவர். அப்பாவால் வந்த வரம்புக்குள் மகள் உதைத்து வெள்ளி வாங்குகிறார்.

ஸ்மித் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100, 200 இரண்டிலும் ஆஸ்திரேலியாவின் கேய்லி மெக்கியோனிடம் தோற்று வெள்ளியோடு வந்தவர். நான்கே மாதத்தில் புடாபெஸ்டில் 50, 100, 200 மூன்றையும் உலக சாதனையோடு அள்ளினார். 25.23, 54.02, 1:58.04. நால்வர் ஆளுக்கொரு பாணியில் நீந்தும் மெட்லி ரிலேயில் பேக்ஸ்ட்ரோக்குக்கு முதல் ஆளாக இறங்கியபோது மறுபடியும் அதே 54.02! நூறில் ஒரு பங்கு நொடிகூடப் பிசகவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நான் ஒன்றுமே பேசவில்லை.

மெக்கியோனுக்கு இது சரிப்படாது, அவர் பெரிய குளத்து ஆள் என்றுகூட நினைக்க இடமில்லை. மெல்போர்னில் 100, 200 இரண்டிலும் தங்கம் அவருக்குத்தான். 2025 அக்டோபரில் உலகக் கோப்பைத் தொடரில் 200 மீட்டரில் இருவருமே 1:58-க்குக் கீழே போனார்கள். சாதனை மெக்கியோன் கைக்கு வந்தது. 200 மீட்டர் என்றால் எட்டு முறை உள்ளே போய் வர வேண்டும், கடைசிச் சுவரில் கால் மரத்துப்போயிருக்கும். எனக்குப் பிடித்த தூரம் இதுதான்.

என் உண்மையான எரிச்சல் ஒளிபரப்புக்காரர்கள் மேல். சுவரை உதைத்து எட்டுப் பேரும் உள்ளே மறைந்த அந்த ஐந்தாறு நொடியில் பந்தயமே மாறிக்கொண்டிருக்கும். அடியில் கேமரா இருக்கிறது. இருந்தும் மேலே இருந்து வெறும் நீலத் தண்ணீரைக் காட்டுவார்கள், இல்லையென்றால் கைதட்டும் கூட்டத்தை. தலைகள் வெளியே வரும்போது வரிசை மாறியிருக்கும், வர்ணனையாளரும் ஆச்சரியப்படுவார். ரீப்ளேயில் அடிக் காட்சி வரும், பதக்க மேடைக்கு எல்லோரும் போன பிறகு.

நண்பருக்கு மெல்போர்ன் 50 மீட்டர் வீடியோவை அனுப்பியிருக்கிறேன். பார்த்தாயா என்று இரண்டு முறை கேட்டாகிவிட்டது. பட்டர்ஃப்ளைக்காரியிடம் எல்லோரும் தோற்கும் இருபத்தைந்து நொடிதான், ஆனால் இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம்.