மூணு சுழி 'ண'வைப் பார்த்துவிட்டு ஃபான்ட் எடுங்க

நோம்பி பேனர், பஸ் கண்ணாடி, பனியன் நெஞ்சு, எங்கே பார்த்தாலும் இப்போது முக்கு (மூலை) வெட்டிய தடித்த எழுத்துதான். எனக்கும் பிடிக்கும். ஆனால் பலதும் இங்கிலீஷ் எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழை அந்தப் பெட்டிக்குள் திணித்தவை. வம்பே அங்கேதான்.

தமிழுக்கு வளைவுதான் அழகு, கோணம் ஒத்துவராது என்கிறவர்கள் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பழைய பானை ஓடுகளைப் பார்க்கலாம். நொய்யல் கரையில் அன்றைக்குக் கீறிய தமிழ்ப் பிராமி, அதாவது தமிழின் பழைய எழுத்து, பெரும்பாலும் நேர்கோடுதான். இன்றைக்கும் ட, ப இரண்டும் சும்மாவே கோணம்.

சிக்கல் சுழியில் இருக்கிறது. 'அண்ணமார்' என்று அடித்துப் பாருங்க. ண மூணு சுழி, ன ரெண்டு சுழி. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு, தூரத்தில் மண்ணும் மன்னும் ஒன்றாகிவிடும். 'ப'வின் கோடு எழுத்து உயரத்தில் 22 சதவீதம் என்றால், ண, ஐ, இ மாதிரி நெரிசலான எழுத்துக்கு 16 வரை இறக்கி, அகலத்தையும் கூட்டணும். எல்லா எழுத்தும் ஒரே தடிமன், ஒரே அகலம் என்று இருக்கிற ஃபான்டைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அடுத்தது 'மார்'. 'ர'வின் கீழ்ச் சாய்வை வெட்டி எறிந்தால் துணைக்காலுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

முக்கு வெட்டுவதிலும் கணக்கு உண்டு. கோடு 20 மி.மீ., வெளி முக்கை 45 டிகிரியில் 20 மி.மீ. வெட்டினால் உள் முக்கில் 8 மி.மீ. சொச்சம்தான் வெட்டணும். உள்ளேயும் 20 வெட்டினால் அந்த இடம் 28 ஆகிப் புடைக்கும். வெட்டாமல் விட்டால் 14 ஆகி இளைக்கும். ஒரே சொல்லில் 30, 45, 60 என்று கோணத்தைக் கலக்குவது வேறு கொடுமை.

ஃபான்ட் தடிமன் பத்தாது என்று கோரல் டிசைன் சாஃப்ட்வேரில் எழுத்தைச் சுற்றி அவுட்லைன் ஏற்றுகிற பழக்கத்தையும் விடுங்க. கூர்முனைகளில் முள் முளைக்கும், சுழி மூடும், புள்ளி எழுத்தோடு ஒட்டும். புள்ளியைச் சதுரமாகவோ டைமண்டாகவோ போடலாம். அகலம் கோட்டுக்குக் குறையாமல், கீழே அதில் பாதி இடைவெளியாவது வேணும். ஏனுங்க, புள்ளி போனால் 'பட்டம்' 'படடம' ஆகிவிடாதா?

பனியனில் மை பரவும். 1 மி.மீ.க்குக் குறைந்த வெள்ளையை நம்பாதீங்க. அச்சடிக்கிற ஸ்கிரீன் எடுக்கும் முன் அசல் அளவில் தாளில் அடித்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று ண, ன, ஞ மூன்றும் பிரிகிறதா பாருங்க.

பஸ் ஸ்டிக்கருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ஊசி மாதிரி இருக்கிற முனைதான் முதலில் கிளம்பும், வண்டி கழுவக் கழுவ அங்கிருந்தே உரியும். வெளி முக்கை அரை மி.மீ. உருட்டிவிட்டால் போதும். ரோட்டில் நின்று பார்க்கிறவருக்கு அந்த உருட்டல் தெரியவே தெரியாது.