ஒரு ஜின் பார்லி

(சீனாவின் ஷான்டோங் மாகாணத்துத் துறைமுக நகரம் சிங்தாவ். ஆகஸ்ட் மாதச் சாயங்காலம். அங்கே வேலை பார்க்கும் மருமகனும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் கடற்கரைப் பக்கம் நடக்கிறார்கள். மாமனார் கருவூலத்தில் ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளையிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே, "குடிப்பீங்களா?")

மாமா: ஏன் மாப்பிள்ளை, ஆளாளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, நம்மூரில் டீ பார்சல் வாங்கிப் போகிற மாதிரி. உள்ளே என்ன, மஞ்சளாக?

மாப்பிள்ளை: அது... பார்லி மாமா.

மாமா: பார்லி தண்ணியா! எனக்குக் கல்லடைப்பு வந்தபோது டாக்டர் அதைத்தான் குடிக்கச் சொன்னார். நுரை எதுக்கு?

மாப்பிள்ளை: முளைகட்டி, காயவைத்து, காய்ச்சி, கொஞ்சம் புளிக்க விடுவார்கள். அப்படியே பொங்கும்.

மாமா: தோசை மாவு பொங்கலையா, அந்த மாதிரி. சரி. தராசில் வைத்து நிறுக்கிறாரே அந்த ஆள்?

மாப்பிள்ளை: இங்கே ஜின் கணக்கு மாமா. ஒரு ஜின் என்றால் அரைக் கிலோ. பீப்பாயிலிருந்து பையில் பிடித்து, எடை போட்டு, ஸ்ட்ராவைச் சொருகிக் கொடுத்துவிடுவார்கள்.

மாமா: பையோட எடையைக் கழிக்கிறாரா?

மாப்பிள்ளை: மாமா, அதையெல்லாம் நான் எப்படி அவரிடம்...

மாமா: எந்த ஊர்த் தண்ணி?

மாப்பிள்ளை: ஆரம்பத்தில் லாவ்ஷான் மலை ஊற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீர் என்று பார்த்து 1903-ல் ஜெர்மன்காரர்களும் ஆங்கிலேயர்களும் சேர்ந்து இங்கே ஆலை வைத்தார்கள்.

மாமா: ஜெர்மன்காரனுக்கு இங்கே என்ன வேலை?

மாப்பிள்ளை (பேச்சு மாறியதில் உற்சாகமாகி): 1898-ல் இந்த ஊரை 99 வருஷக் குத்தகைக்கு எழுதி வாங்கிவிட்டான் மாமா! 1914-ல் ஜப்பான்காரன் வந்து பிடுங்கிக்கொண்டான். முதல் உலகப் போர் முடிந்ததும் பாரிஸ் சமாதான மாநாட்டில் ஊரைச் சீனாவுக்குத் திருப்பித் தராமல் ஜப்பானுக்கே கொடுத்தார்கள். அதனால்தான் 1919 மே 4-ம் தேதி பெய்ஜிங்கில் மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். அதோ அந்தச் சிவப்புச் சிற்பம் அதன் நினைவாகத்தான். 1922-ல்தான் ஊர் கைக்கு வந்தது.

மாமா: குத்தகைக்காரன் போய்விட்டான், பார்லி மட்டும் நின்றுவிட்டது. ஐயோ, யார் மாப்பிள்ளை இது? முகமூடிக் கொள்ளைக்காரி!

மாப்பிள்ளை: சத்தம் போடாதீங்க, கடலில் குளிக்க வந்த பாட்டி. வெயிலில் முகம் கறுக்காமல் இருக்க, சொறிமீன் கொட்டாமல் இருக்கத் தலையோடு மாட்டிக்கொள்கிறார்கள். இந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் கண்டுபிடித்தது.

மாமா: உங்க அத்தைக்கு ஒன்று வாங்குவோம். பச்சைக் கலர். அப்படியே ரெண்டு ஜின் பார்லியும்.

மாப்பிள்ளை: பார்லி... எதுக்கு மாமா, ராத்திரி நேரத்தில். சளி பிடிக்கும்.

மாமா: பிடிக்காது. நேற்று பிடிக்கலையே.

மாப்பிள்ளை: நேற்றா?

மாமா: உங்க மனைவி அந்தப் பீர் ஆலை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டிக்கெட்டோடு ஒரு கிளாஸ் சேர்த்தி. அரசுப் பணத்தையே வீணாக்காதவன், சொந்தக் காசை விடுவேனா? அப்புறம் அங்கே சாய்வாகக் கட்டி வைத்த அறை ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் குடிக்காதவன்கூடத் தள்ளாடுவான்.

மாப்பிள்ளை: தெரியும்.

மாமா: எல்லோரும் தள்ளாடினார்கள். நான் ஒருத்தன்தான் நேராக நடந்தேன்.

மாப்பிள்ளை: மாமா! அப்படியென்றால் இவ்வளவு நேரம் என்னை...

மாமா: புளிக்க வைப்பது வரைக்கும் சரியாகச் சொன்னீங்க. ஆலை வருஷமும் சரி. எத்தனை சதவீதம் என்பதை மட்டும் விட்டுட்டீங்க. ஆமாம், கல்யாணத்துக்கு முன்னால் "அதன் வாசனையே ஆகாது" என்று சொன்னது யாரு?

மாப்பிள்ளை: ...மட்டியும் வாங்கட்டுமா மாமா? மிளகாய் போட்டு வதக்கித் தருவார்கள். இதற்கு அதுதான் ஜோடி.

மாமா: வாங்குங்க. இந்தாங்க நூறு யுவான் நோட்டு.

மாப்பிள்ளை: நோட்டைக் கொடுத்தால் சில்லறைக்குப் பக்கத்துக் கடைக்கு ஓடுவார். போனிலேயே கட்டிவிடுகிறேன்.

மாமா: வேண்டாம், போனில் கட்டினால் என் மகள் கணக்குப் பார்ப்பாள். சில்லறைக்கு அவர் ஓடட்டும், நாம் காத்திருப்போம்.

(பாதிப் பை காலியாகிறது. போனில் வீடியோ அழைப்பு மணி.)

மாப்பிள்ளை: அத்தை!

மாமா: பச்சை முகமூடியை எடுங்க, சீக்கிரம்! ... ஹலோ, ஆமாம், நான்தான். உனக்கு வாங்கினேன், அளவு பார்க்கிறேன். கண்ணா? வெயிலில் சிவந்திருக்கும். இல்லை இல்லை, கழற்ற முடியாது, இறுக்கமாக இருக்கிறது...

மாப்பிள்ளை (கிசுகிசுப்பாக): மாமா, வாய்க்கு ஓட்டை இருக்கிறது. முதலில் அந்த ஸ்ட்ராவை எடுங்க.