ட்ரையலைப் பற்றி முதல் நாளே கேளுங்கள்

புற்றுநோய்க்கான புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஒரு ட்ரையலில், அதாவது மருத்துவ ஆய்வில், சேர அக்கா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் 31 பக்கம். மூன்று நாள் வீட்டில் வைத்து, கையில் பென்சிலோடு படித்தாள். புரியாத வரிக்குக் கீழே கோடு, மருத்துவரிடம் கேட்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி. “இந்த ஆய்வில் சேர்வதால் உங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் கிடைக்காமல் போகலாம்” என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். அக்கா அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போயிருந்தாள். “அது எனக்குத் தெரியும். நீ 14-ம் பக்கத்தைப் பாரு” என்றாள். அங்கே மறுபடியும் ஊசி போட்டுக் கட்டியிலிருந்து திசு எடுப்பார்கள் என்று இருந்தது. அவள் பயம் அந்த ஊசிதான்.

சொந்தத்தில் பலரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “சோதனை எலியா ஆகப் போறாளா?” அன்பில் சொன்னதுதான். ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. எலிக்கு 31 பக்கம் படிக்கக் கொடுப்பதில்லை. வேண்டாம் என்று எந்த நாளிலும் விலகிக்கொள்ளும் உரிமையும் எலிக்குக் கிடையாது. மனிதர்கள் மீதான ஆய்வுக்கு அந்த உரிமை அடிப்படை என்று 1964-ல் உலக மருத்துவ சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தில் எழுதி வைத்தது. அக்காவின் படிவத்திலும் அது இருந்தது. விலகினால் வழக்கமான சிகிச்சை எந்த விதத்திலும் பாதிக்காது என்பதோடு சேர்த்து.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. நாங்கள் தாமதமாகக் கேட்டோம்.

எங்கள் அம்மா 48 வயதில் சினைப்பைப் புற்றுநோயில் போனார். சித்திக்கு மார்பகத்தில் வந்தது. அக்காவுக்கு 44 வயதில் சினைப்பையில், மூன்றாம் நிலையில் தெரிந்தது. அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் நடந்தன. முதலில் பார்த்த மருத்துவமனையில் குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்களாகவும் அழுத்திச் சொல்லவில்லை. நோய் திரும்பி வந்த பிறகுதான், வேறொரு மருத்துவர் சொல்லி மரபணு சோதனை செய்தோம். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் மாற்றம். பரம்பரையாக வந்து, மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் அது. அதற்குள் முதல் கீமோ முடிந்து 8 வாரத்துக்குள் சேர வேண்டிய ஒரு ட்ரையலின் வாசல் எங்களுக்கு மூடியிருந்தது. அப்படி ஒன்று இருந்தது என்பதே பிறகுதான் தெரியும்.

குடும்பத்துக்குத் தெரிவது மருத்துவத்துக்குத் தெரியப் பல காலம் ஆகிறது. 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வார்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் அவருடைய தையல்காரப் பெண் சொன்னாராம்: எங்கள் வீட்டில் எல்லாரும் குடல், வயிறு, கருப்பைப் புற்றுநோயில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று. அப்படியேதான் ஆனது. வார்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1913-ல் எழுதினார். அது இன்று லிஞ்ச் நோய்க்குறி என்று சொல்லப்படும் பரம்பரைக் கோளாறு. அவர் காது கொடுத்துக் கேட்டார் என்பதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை.

பரம்பரைப் புற்றுநோயில் ட்ரையலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்றால், நோய்க்குக் காரணமான கோளாறே மருந்துக்கு வழியும் விடுகிறது. பிஆர்சிஏ மரபணு, டிஎன்ஏ உடைந்தால் சரிசெய்யும் வேலையில் இருப்பது. புற்றுநோய் செல்லில் அது முழுவதும் கெட்டுவிட்டதால், மிச்சமிருக்கும் வேறு பழுதுபார்க்கும் வழிகளை நம்பித்தான் அந்தச் செல் பிழைக்கிறது. அந்த வழிகளில் பார்ப் என்ற நொதிக்கு ஒரு வேலை இருக்கிறது. அதை மருந்தால் அடைத்தால் செல் செத்துவிடும். நல்ல செல்லில் பிஆர்சிஏவின் ஒரு நல்ல பிரதி இருப்பதால் அது சமாளித்துக்கொள்ளும். 2005-ல் ஆய்வகத்தில் இதைக் காட்டினார்கள். பார்ப்பை அடைக்கும் ஓலபாரிப் என்ற மருந்தை வைத்து மனிதர்களிடம் நடந்த முதல் ட்ரையலின் முடிவு 2009-ல் வந்தது. அதில் மொத்தம் 60 பேர்தான். கட்டி சுருங்கியது பிஆர்சிஏ மாற்றம் இருந்தவர்களுக்கு. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் ஓலபாரிப் அனுமதி பெற்றது. அக்கா பின்னால் சாப்பிட்ட மாத்திரை அந்த வகைதான். அந்த 60 பேரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வேளையும் அக்கா மாத்திரையை விழுங்கும்போது எனக்கு அவர்கள் ஞாபகம் வரும்.

பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரை, என்றாலே எல்லாரும் பயப்படுகிறார்கள். “மாவு மாத்திரை கொடுத்து ஏமாத்திடுவாங்க” என்று. சினைப்பைப் புற்றுநோயில் நடந்த சோலோ1 என்ற ட்ரையலில் 391 பேர் இருந்தார்கள். 260 பேருக்கு ஓலபாரிப், 131 பேருக்கு பிளாசிபோ. எல்லாரும் கீமோ முடித்து, அது பலன் தந்த நிலையில் சேர்ந்தவர்கள். அப்போது அந்தக் கட்டத்தில் பலருக்கும் வழக்கமான சிகிச்சை என்பதே காத்திருந்து கண்காணிப்பதாகத்தான் இருந்தது. ஏழு ஆண்டு கழித்து மருந்து எடுத்தவர்களில் 67 சதவீதம் பேரும், மற்றவர்களில் 46.5 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். அந்த 131 பேர் இல்லையென்றால் இந்த வித்தியாசத்தை யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆகவே பிளாசிபோ உண்டா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ட்ரையலில் சேராவிட்டால் எனக்கு என்ன கிடைக்கும், அதைவிடக் குறைவாக ட்ரையலில் யாருக்காவது கிடைக்குமா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். “பலன்” என்று மருத்துவர் சொன்னால், எந்தப் பலன்? கணையப் புற்றுநோயில் இதே மருந்தை வைத்து நடந்த போலோ ட்ரையலில் நோய் வளராமல் இருந்த காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமாகக் கூடியது. ஆனால் மொத்த ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. இரண்டும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொண்டு சேர்பவர் ஏமாறுவதில்லை. ட்ரையல் என்றால் அதிசய மருந்து என்று நம்பிச் சேர்பவரை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

அக்கா சேர்ந்தது முதல் கட்ட ட்ரையல். ஓலபாரிப் சில மாதம் கேட்டு, அப்புறம் கேட்காமல் போனவர்களுக்கானது. முதல் கட்டத்தில் முதன்மையாகப் பார்ப்பது எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்பதைத்தான். சேருவதற்கே ஒரு மாதம் போனது. ஹீமோகுளோபின் 10 இருக்க வேண்டும், அதுவும் ரத்தம் ஏற்றாமல். முதல் தடவை 9.6. பத்து நாள் கழித்து மறுபடியும் எடுத்தபோது 10.1. அந்தத் தாளை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. 14-ம் பக்கத்து ஊசியும் போட்டார்கள். ஏன் அவ்வளவு வற்புறுத்தினார்கள் என்று பிறகு புரிந்தது. கெட்டுப்போன பிஆர்சிஏ மரபணுவைக் கட்டி தானே திரும்பச் சரிசெய்துகொள்வது உண்டு. அப்படிச் சரியாகிவிட்டால் பழைய மருந்து தோற்கும். அக்காவின் கட்டியில் அதுதான் நடந்திருந்தது.

முதல் நாள் காலையிலிருந்து இரவு வரை அரை மணிக்கு, ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு என்று ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை டைரி, 8 வாரத்துக்கு ஒரு ஸ்கேன், படிக்கட்டு ஏற முடியாத அசதி. மருந்து இலவசம்தான். ஆனால் போக வர ஆகும் செலவும், கூடப் போகிறவரின் வேலை நாளும் யார் கணக்கிலும் வருவதில்லை. இதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். சில ட்ரையல்களில் பயணச் செலவு தருவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

மூன்று ஸ்கேனில் கட்டி அப்படியே நின்றது. நான்காவதில் வளர்ந்துவிட்டது. அக்கா வெளியே வந்தாள். இப்போது வேறு கீமோவில் இருக்கிறாள்.

எங்கள் வீட்டைப்போல வரலாறு உள்ள யாருக்காவது இப்போதுதான் நோய் தெரிந்திருந்தால், முதல் கீமோவுக்கு முன்பே மரபணு சோதனை பற்றிக் கேட்டுவிடுங்கள். அடுத்து, இந்த நிலையில் எனக்குப் பொருந்தும் ட்ரையல் உண்டா, எந்தச் சிகிச்சை எடுத்தால் எந்த ட்ரையலின் கதவு மூடும் என்று கேளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கடைசி அஸ்திரமாகத் தேடினால், சேருவதற்கான உடம்பே பலருக்கு மிஞ்சியிருக்காது.

ட்ரையல் முடிந்த அன்று மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் எண்ணுவதற்கு முன் அக்கா மேசையில் கொட்டித் தானே எண்ணினாள். 22. டைரியோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். அப்புறம் கடைசியாக ஒரு பயாப்ஸிக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். அவளுக்கு அதனால் ஒன்றும் இல்லை, மருந்து ஏன் வேலை செய்யாமல் போனது என்று பார்ப்பதற்கு. பக்கத்தில் 19 வயது மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் மரபணு சோதனை செய்யவில்லை. அக்கா பேனாவை வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று கேட்டாள்.